மாரப்பனை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம்

மாரப்பனின் கைத்துப்பாக்கிக்குப் புதுப்பித்த உரிமம் கிடைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. உரிமதாரர் என்ற கட்டத்தில் கைத்துப்பாக்கி என்று எழுதியிருந்தார்கள். வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பொருள் என்ற கட்டத்தில் கு. மாரப்பன், வயது ஐம்பத்தொன்று என்று இருந்தது. எழுதிய குமாஸ்தா நல்ல மனிதர். கட்டம்தான் மாறிப்போயிற்று.

திருத்தித் தரச் சொல்லி மாரப்பன் நடையாய் நடந்தார். உரிமதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உரிமதாரரைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். குமாஸ்தா பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு அரைமணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அவருக்கு இஷ்டமில்லீங் போல," என்று சொல்லிக் கோப்பைக் கட்டினார்.

உள்ளூரில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. காலையில் துப்பாக்கி அவரை நகைக்கடைக்குக் கூட்டிப்போகும். வாசலில் நிறுத்தும். கடை மூடியதும் கூட்டி வரும். ராணுவத்திலிருந்து வந்த பிறகு இருபத்திரண்டு வருடமாக அவர் காவலுக்கு நின்ற அதே வாசல்தான். முன்பும் அவரை யார் பார்த்தார்கள்? வருகிறவர்கள் அவர் இடுப்பில் இருந்ததைத்தான் பார்த்தார்கள்.

சிக்கல் தங்கை கோகிலவாணியின் போனில் வந்தது. அவள் வாழ்க்கைப்பட்டது திம்பம் மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில்.

"அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் காது குத்து. பதினொண்ணுல இருந்து பதினொண்ணரை முகூர்த்தம். நீங்க வரோணும்."

"வந்தர்றேன் சாமி."

"மூத்தவளுக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க."

மாரப்பனுக்குச் சுருக்கென்றது. மூத்தவளின் காது குத்துக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, ஒன்றுவிட்ட அண்ணன் காளியண்ணனின் மடியில் உட்கார்ந்தது. கோகிலவாணி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு எப்போது வருவீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். ஆறு வருடம் கழித்து இப்போதுதான் கேட்கிறாள்.

துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போகலாம் என்று பார்த்தார். ஏட்டு உரிமத்தை இரண்டு முறை படித்தார்.

"இதும்படி அவருதான் உங்கள ஒப்படைக்க முடியும். பீரோல எடமிருக்குது. குனிஞ்சு உக்காரோணும்."

"நான் காதுகுத்துக்குப் போகோணுங்."

"அப்ப அவருகூடத்தான் போகோணும். வெளி மாநிலம்னா மூணு விதி. பொருள் மறைவா இருக்கோணும். காலியா இருக்கோணும், உள்ள ஏதும் ரொப்பியிருக்கக் கூடாது. ரொப்பறது தனியா, பூட்டின பெட்டியில வரோணும்."

வெள்ளிக்கிழமை காலை மாரப்பன் எதுவும் சாப்பிடவில்லை. எட்டு இட்லியை எவர்சில்வர் டப்பாவில் வைத்துச் சின்னப் பூட்டுப் போட்டார். குழந்தைக்கு எடுத்த பட்டுப் பாவாடையை ஒரு பையில் வைத்தார். பிறகு பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து ஓரத்தில் படுத்து உருண்டார். துப்பாக்கி அவரையும் டப்பாவையும் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது. எடை அதிகமில்லை. ஆள் காலியாக அல்லவா இருந்தார்.

துப்பாக்கி ஜன்னலோரம் உட்கார்ந்தது. மாரப்பன் சீட்டுக்கு அடியில் இருந்தார்.

"எங்கீங்க?" என்று கண்டக்டர் துப்பாக்கியிடம் கேட்டார். அது பேசவில்லை. பஸ்ஸில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஜமுக்காளத்துக்குள்ளிருந்து மாரப்பன் மெதுவாக ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"லக்கேஜு பேசக் கூடாதுங்," என்றார் கண்டக்டர். ஆனாலும் டிக்கெட் கிழித்தார்.

மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. மாரப்பன் இருட்டுக்குள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தேழுக்கு அடுத்து மறுபடியும் இருபத்தேழு வந்தது. அதற்கு அடுத்தும் இருபத்தேழு. பயணிகள் கொட்டாவி விட்டார்கள்.

"எப்பங்க முடியும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கடைசி வளைவு நீளமாயிட்டே இருக்குதுங். மழைக்காலத்துல இப்பிடித்தான்," என்றார் டிரைவர்.

மாரப்பன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். பத்தே முக்கால் ஆகியிருந்தது. வயிறு காந்தியது. காளியண்ணன் இந்நேரம் வேட்டியைச் சலவை மடிப்போடு கட்டியிருப்பான் என்ற நினைப்பு அதைவிடக் காந்தியது.

சோதனைச் சாவடியில் ஓர் அம்மணி உத்தியோகஸ்தர் பஸ்ஸில் ஏறினார். துப்பாக்கிக்கு வணக்கம் சொன்னார். உரிமத்தைப் பார்த்தார்.

"பொருள மறைச்சு வச்சிருக்கீங்ளா? நான் தேடுவேன். கெடைச்சா மறைக்கலைன்னு அர்த்தம். கெடைக்காட்டி விட்டர்றேன்."

அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். டிரைவரின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு ஜமுக்காளத்தின் நுனியை விலக்கினார். மாரப்பனின் முகத்துக்கு நேராக அவருடைய முகம் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க ஒண்ணுமில்ல," என்றார் அம்மணி.

வயிற்றில் மட்டும் சுண்டிப் பார்த்தார். டொங்கென்றது. காலி என்று எழுதிக்கொண்டார். 'பொருள் மிக நன்றாக மறைக்கப்பட்டுள்ளது' என்று சான்றிதழ் கொடுத்து முத்திரை குத்தினார். அந்தச் சாவடியில் இதுவரை யாருக்கும் 'மிக' போட்டதில்லையாம்.

மாரப்பனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பஸ் நகர்ந்த பிறகு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருடம் நகைக்கடை வாசலில் பழகிய பழக்கம், இன்றைக்கு இப்படிக் கைகொடுக்கிறது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்," என்று அம்மணி துப்பாக்கியிடம் சொன்னார். அவர் இறங்கவே இல்லை, பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "எங்க எல்லைக்குள்ள பொருள் யார் கண்ணுலயாச்சும் பட்டுதுன்னா பறிமுதல். அப்பறம் ஊருக்குத் திரும்பாது."

காது குத்து வைத்திருந்த கோயிலில் துப்பாக்கி இறங்கியபோது பதினொன்று இருபது. கோகிலவாணி வாசலுக்கு ஓடி வந்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் தோளில் சுருட்டியிருந்த ஜமுக்காளத்தையும் பார்த்தாள். தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில் துப்பாக்கியை உட்காரவைத்துப் புதுத் துண்டு போர்த்தினாள். ஜமுக்காளத்தை நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அம்மணி தூணோரம் நின்று நோட்டைத் திறந்தார்.

காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்தார். "தாய்மாமன் யாருங்?"

"இவருதானுங்," என்றார்கள் சொந்தக்காரர்கள்.

ஆசாரி குழந்தையைத் தூக்கி வைத்துப் பார்த்தார். குழந்தை வழுக்கிக் கீழே வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

"இவருக்கு மடி இல்லீங்ளே," என்றார்.

மணி பதினொன்று இருபத்தாறு. காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "நான் வேணா உக்காரட்டுங்ளா? போன தடவையும் நான்தான்." அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்கிற சுபாவம். அதுதான் மாரப்பனுக்குத் தாங்கவில்லை.

கோகிலவாணி கூட்டத்தைப் பார்க்கவில்லை, நாற்காலிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜமுக்காளம் உருண்டு விரிந்தது. மாரப்பன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார். துப்பாக்கியைத் தூக்கித் தரையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தது. வழுக்கவில்லை.

ஆசாரி குத்தினார். குழந்தை அலறியது. மாரப்பனும் சேர்ந்து அழுதார், எல்லாரும் பார்க்க.

"பொருள் தெரியுதுங்," என்றார் அம்மணி.

"தெரியட்டுங்," என்றார் மாரப்பன்.

"பறிமுதல் பண்ணோணும்."

"இன்னொரு காது இருக்குதுங்."

அம்மணி அது முடியும்வரை நின்றார். முகூர்த்தம் தாண்டவில்லை. பிறகு நோட்டோடு முன்னால் வந்தார்.

"பறிமுதல் பண்ணினத மொதல்ல பாத்தவங்க வசம் ஒப்படைக்கோணும். அதான் விதி. யாரு மொதல்ல பாத்தது?"

காளியண்ணன் நியாயமாக நடந்துகொள்ளப் பார்த்தான். "எல்லாரும் ஒண்ணாத்தானுங் பாத்தோம்."

"நான்தான்," என்றாள் கோகிலவாணி.

"எப்பங்?"

"பஸ்ஸு விட்டு எறங்கறப்பவே. ஜமுக்காளத்துல இருந்து குதிகால் நீட்டிட்டு இருந்துது. அந்த வெடிப்பு எங்க அண்ணனுது."

அம்மணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். எத்தனை நாளைக்கு என்ற கட்டத்தில், 'உரிமதாரர் வந்து கையெழுத்திட்டுக் கேட்கும்வரை' என்று நிரப்பினார். துப்பாக்கியிடம் பேனாவை நீட்டினார். ஒரு நிமிடம் காத்திருந்தார். அது இஷ்டப்படவில்லை. கோகிலவாணி மட்டும் கையெழுத்துப் போட்டு அண்ணனைப் பெற்றுக்கொண்டாள்.

பன்னிரண்டு பத்து பஸ்ஸில் துப்பாக்கி ஊர் திரும்பியது. ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. எங்கே என்று கண்டக்டர் கேட்டார். இந்தத் தடவை பதில் சொல்ல சீட்டுக்கு அடியில் ஆள் இல்லை. பஸ் அங்கேயே வெகுநேரம் நின்றதாகச் சொன்னார்கள்.

கோயில் மண்டபத்தில் கோகிலவாணி டப்பாவின் பூட்டைக் கல்லால் தட்டித் திறந்தாள்.

"காலியா இருக்கோணும்னு விதி, கண்ணு," என்றார் மாரப்பன்.

"அது பிரயாணத்துக்குத்தானுங்ண்ணா."

எட்டு இட்லியையும் இலையில் வைத்து, பந்திச் சாம்பாரை அதன்மேல் ஊற்றினாள். பட்டுப் பாவாடை கட்டிய, காது சிவந்த குழந்தை மடியைவிட்டு இறங்கவில்லை. அதன் தலையில் சிந்திவிடாமல், கையை நன்றாக நீட்டிக் குனிந்து, மாரப்பன் சாப்பிட ஆரம்பித்தார்.