ஹல்லில் பார்க்க என்ன இருக்கு?

அருள்நாதன் ஒரு வாரமா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சார். பிக் பென், லண்டன் டவர், ஸ்டோன்ஹெஞ்ச், எடின்பரோ கோட்டை. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பத்தஞ்சு வருஷம் ஸ்பேனர் புடிச்சி ரிட்டயரான மனுஷன், ராயபுரத்து வூட்டுல உக்காந்து வெள்ளைக்காரன் கோட்டைய மனப்பாடம் பண்ணிகினு கீறார். இன்னா தலையெழுத்து பாருங்க.

ஊர் சுத்துற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரே மகன் பென்னி மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துக்குப் படிக்கப் போனான். படிப்பு முடிஞ்சது, விசாவும் முடிஞ்சது, பையன் திரும்பல. எட்டு மாசமா போனும் இல்ல. கடைசியா அவன் பேசினது ஹல்னு ஒரு துறைமுக ஊர்லேர்ந்து. அங்க போயி தெருத்தெருவாத் தேடுறதுன்னு அருள்நாதன் முடிவு பண்ணிட்டார்.

வழி சொன்னவன் விசா ஏஜென்ட் மொஹ்சின். "நைனா, புள்ள அங்க திருட்டுத்தனமா கீறான்னு தெரிஞ்சா உனக்கு விசா தர மாட்டான், அவனையும் புடிச்சிருவான். நீ டூரிஸ்ட்டு. அங்க உனக்கு யாரும் இல்ல. ஃபாரத்துல அப்படித்தான் போட்டுகீறேன். சுத்திப் பாக்குற ப்ளானும் நானே எழுதிட்டேன், மனப்பாடம் பண்ணிக்க."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விசா ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. மொஹ்சின் எதிர்ல உக்காந்திருந்தான். அருள்நாதனோட சம்சாரம் ஐரீன், ஜெபமாலைய உருட்டிகினு சமையக்கட்டு வாசல்ல நின்னா. ஸ்பீக்கர்ல ஆபீசர் இங்கிலீஷ்ல கேக்க, ஒரு இலங்கைத் தமிழ் அம்மா அதைத் தமிழாக்கிச் சொன்னாங்க.

முதல் பத்து நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அந்த அம்மா கேட்டாங்க: "ஒன்பதாம் திகதி காலமை எடின்பரோ கோட்டை, பின்னேரம் ஸ்டோன்ஹெஞ்ச். சரிதானே?"

ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். ரயில்வேக்காரன் கிட்ட தப்பான டைம்டேபிளப் படிச்சா அவன் வாய் சும்மா இருக்குமா?

"அதெப்படிங்க முடியும்? எடின்பரோலேர்ந்து லண்டன் வரவே நாலரை மணி நேரம். அப்புறம் ஸ்டோன்ஹெஞ்சுக்கு சாலிஸ்பரி போக வேற வண்டி. எவனோ மடையன் போட்ட ப்ளான் அது."

மடையன் எதிர்லயே தலைல அடிச்சிகினான்.

"அப்ப இதை நீங்கள் எழுதேல்லையோ? நீங்களா எழுதினா எங்க போவீங்கள்?"

ராத்திரி பகல்னு மனசுல ஓடிகினே இருந்த வண்டி, அவரால நிறுத்த முடியல. "லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல ஏறி டான்காஸ்டர். அங்க மாறி ஹல்."

சொன்ன பிறகுதான் ஹல் பேரை வாய் தவறி வுட்டது அவருக்கு உறைச்சுது. ஐரீனோட விரல் ஜெபமாலையில அப்படியே நின்னுபோச்சு.

"ஹல்லில பார்க்க என்ன இருக்கு?"

"ஹம்பர் பாலம்," அப்படின்னார் அவசரமா. "பெரிய தொங்கு பாலம். இரும்பு வேலை பாத்தவன் நான், அதைப் பாக்கணும்னு ஆசை."

ஆபீசர் ஏதோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. "அங்க உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள்?"

"யாரும் இல்லீங்க."

"பிள்ளைகள் எண்டு கேட்ட இடம் வெறுமையாக் கிடக்கு. உங்களுக்குப் பிள்ளையே இல்லையோ?"

மொஹ்சின் இல்லன்னு சொல்லச் சொல்லி கையை ஆட்டினான். ஐரீன் அவரையே பாத்துகினு நின்னா. பெத்தவள எதிர்ல வச்சிகினு புள்ளையே பொறக்கலன்னு சொல்ல அவருக்கு நாக்கு வரல. இருக்கான்னு சொன்னா பென்னி மாட்டிப்பான்.

"இருந்தான். ஒருத்தன்," அப்படின்னார். "செத்துட்டான்."

அந்த அம்மா சொன்னாங்க: "ஐயோ, கவலையா இருக்கு ஐயா." அப்புறம் இங்கிலீஷ்ல அவங்க சொன்னதுல 'டெட்'ங்கிற வார்த்தை மட்டும் ஐரீனுக்கு நல்லாவே புரிஞ்சது. வேற கேள்வியே வரல. போனை வச்சிட்டாங்க.

"விசா வந்துடும் நைனா, நான் கேரண்டி," அப்படின்னான் மொஹ்சின்.

மூணு வாரம் ஐரீன் புருஷன்கிட்ட பேசல. சோறு போடுவா, தட்டை நகர்த்துவா, அவ்ளோதான். பாஸ்போர்ட்டு வந்த அன்னிக்கு அவதான் கையெழுத்துப் போட்டு வாங்கினா. கவரைப் பிரிச்சி விசாவப் பாத்துட்டு அவர் கையில குடுத்தா.

"போ. போயி அவன இட்டுகினு வா," அப்படின்னா. "அதுவரைக்கும் அவனப் பத்தி நீ சொன்ன சொல்லு இந்த வூட்ட வுட்டுப் போவாது."