பழைய தையல்

அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு வந்து இரண்டு வருடம் முடிவதற்குள் அவனுக்கு மனிதர்களின் முகமே மறந்துபோயிருந்தது. வயிறுகள்தான் தெரிந்தன. முப்பது மணி நேரமாகக் கண் மூடவில்லை. வெளியே எள் போட்டால் எள் விழாத கூட்டம். திரைக்குப் பின்னால் நர்ஸ் ஒவ்வொருவராகப் படுக்க வைப்பார். இவன் அமுக்கிப் பார்ப்பான், சீட்டில் கிறுக்குவான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான்.

நூற்றுப் பதினேழாம் டோக்கன் கூச்சத்தில் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

"எங்கே வலிக்குதும்மா?" வருகிற பெண்களையெல்லாம் அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

விரல் மட்டும் விலாவைக் காட்டியது. தொப்புளுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு கோணல்மாணலாக இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில்தான் அவன் போட்ட தையலை எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொல்லி, பெரிய டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் போட்ட தையல் இது? சாக்கு மூட்டையைக்கூட இதைவிட ஒழுங்காத் தைப்பாங்களே!"

முழங்கை மெல்ல விலகியது. படுத்திருந்தவள் அவனைப் பெற்றவள்.

"போன் பண்ணினா நீ எடுக்கல. அதான் வரிசையில நின்னு வந்தேன்" என்றாள். பிறகு தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உன்னை வெளியே எடுத்தப்ப போட்டதுடா. இதே ஆஸ்பத்திரிதான். அந்தப் பையனைத் திட்டாதே. பாவம், ரெண்டு நாளாத் தூங்கலையாம். உன்னை என் பக்கத்துல படுக்க வச்சிட்டு, கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டே தரையில உட்கார்ந்து தூங்கிட்டான்."