சந்தனம் பூசிய பிளேடு

"இன்னொண்ணும் போச்சு" என்றான் ராஜலிங்கம்.

வெட்டிய டைலைத் தூக்கிக் காட்டினான். விளிம்பு முழுக்க எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

குளியலறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த டொரதி டீச்சர் எட்டிப் பார்த்தார். கம்பளையில் இருக்கும் அவர் வீட்டுக்கு டைல் பதிக்கக் கலஹாவிலிருந்து வந்திருந்தார்கள் ராஜலிங்கமும் அவன் மனைவி துஷானியும்.

"இது எத்தனையாவது, பாஸ்?"

"மூணாவது டீச்சர். இன்னும் ஆறு கிடக்கு. வெட்ட வேண்டியது நாலு."

"பாத்து வெட்டுங்க. அந்த நிறம் இனி கடையில இல்ல."

ராஜலிங்கம் மெஷினை நிறுத்தினான். "போதும். துஷா, பையில இருந்து கிரைண்டர எடு."

துஷானி அசையவில்லை. கிரைண்டர் தண்ணீர் இல்லாமல் வெட்டும். ஒரு டைல் வெட்டினால் ஆளையே வெள்ளையடித்துவிடும். பத்து வருடமாக அந்தத் தூளைக் குடித்துத்தான் அவனுக்கு இருமல் பிடித்தது. சித்திரையில் அவள்தான் அவனைக் கண்டிக் கடைக்கு இழுத்துப் போய், தண்ணீரில் நனைத்து வெட்டும் இந்த மெஷினை வாங்க வைத்தாள். இப்போது இருமல் குறைந்திருக்கிறது.

"எடுக்க மாட்டேன்."

"அப்ப டைல பல்லால வெட்டவா?"

"வெட்டுங்க. இருமாம இருந்தா சரி."

"பெரிய தண்ணித் தட்டு உள்ளதுதான் வேணும்னு கடையில ஒத்தக் கால்ல நின்னது நீதானே? இன்னைக்கே இத வித்துட்டு, பழையபடி கிரைண்டரோட போயிருவேன்."

"பப்பாளி வெட்டுற மாதிரி வெட்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது போன வாரம்."

துஷானி தட்டைப் பார்த்தாள். காலையில் மாற்றிய தண்ணீர். பம்பிலும் பழுதில்லை; பிளேடு நன்றாக நனைந்திருந்தது.

"மெதுவாத் தள்ளுனீங்களா?"

"அத நீ எனக்குச் சொல்லித் தாறியா?"

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றார் டீச்சர். "போன வாரம் நல்லா வெட்டுன மெஷினுக்கு நடுவுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல டீச்சர். ஆயுத பூசைக்கு லீவு விட்டோம். பிளேடக் கழட்டி, கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வச்சு..."

துஷானி பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏன் புள்ள?" என்றார் டீச்சர்.

"திருப்பி மாட்டுனது நான்தான்."

சட்டென்று போய் பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றி, பிளேடின் நடுவில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் ஓர் அம்புக்குறி.

"அம்பு இந்தப் பக்கம் காட்டுது. மெஷின் எந்தப் பக்கங்க சுத்துது?"

ராஜலிங்கம் குனிந்து பார்த்தான். தலையில் கை வைத்தான். "அந்தப் பக்கம்."

"பொட்டு வச்ச முகம் வெளிய தெரியட்டும்னு மாட்டிட்டேன்..."

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமி கும்பிட்டது சரி புள்ள. பிளேடப் பின்பக்கமா ஓட விட்டுட்டியே!"

ராஜலிங்கம் பிளேடைத் திருப்பி மாட்டினான். முதலில் ஒரு செங்கல் துண்டை வெட்டிப் பார்த்தான். பிறகு உடைந்த டைல் ஒன்றை. அதன் பிறகுதான் நல்ல டைலை எடுத்தான். மெஷினின் சத்தமே மாறியிருந்தது.

வெட்டிய விளிம்பில் துஷானி விரலை ஓட்டினாள். எங்கும் இடறவில்லை.

"பப்பாளிதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சரி, சரி. அடுத்தத எடு."

நாலும் வெட்டியாயிற்று. இரண்டு டைல் மிச்சம். டீச்சர் தேநீர் கொண்டுவந்தார்.

"ஏன் புள்ள, அந்தக் கிரைண்டருக்கும் பொட்டு வச்சியா?"

"வைக்கல டீச்சர்."

"அதான் பாத்தேன்" என்றான் ராஜலிங்கம். "பூசையில அத மட்டும் காணோம்." தேநீரை ஊதிக் குடித்தான். "நாளையில இருந்து அத வீட்டுலயே வச்சிரு துஷா. சும்மா பாரம்."