ஒன்பதாவது கேள்வி

கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சலில் பதினான்கு கேள்விகள் இருந்தன. அனுப்பியவர் டொரண்டோவில் ஒரு வழக்கறிஞர். கணவனின் வன்முறைக்குப் பயந்து நாகஜோதி என்ற பெண் அங்கே அடைக்கலம் கேட்டிருக்கிறாள். மஸ்கட் ரூவியில் மூன்று வருடம் அவளுக்கு அடுத்த ஃபிளாட்டில் இருந்தவர் என்ற முறையில், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதி அனுப்புங்கள் என்றிருந்தது.

ஜெயபாரதி இரண்டு முறை படித்தாள். நாகஜோதியா? பஸ் நிலையம் வரைகூடத் தனியாகப் போகாதவள். போன வருடம், 2006இல், கணவன் பாண்டித்துரையைக் கம்பெனி இரண்டு வாரப் பயிற்சிக்குக் கனடா அனுப்பியபோது கூடப் போனாள். அவன் மட்டும் திரும்பி வந்தான். "ஊருக்கு அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சலாலாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"நமக்கு எதுக்கு பாரதி இந்த வம்பு?" என்றார் கணவர் சேதுமாதவன். "அவனோட அண்ணன் சிவகங்கைல போலீஸ் இன்ஸ்பெக்டர். தெரியுமில்ல?"

"தெரியும். லீவுல போனப்ப ரெண்டு தடவை ஊர் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தாளாம். ரெண்டு தடவையும் அந்த அண்ணனே கூட்டிட்டுப் போய் இவன்கிட்ட விட்டாராம். இதுல எழுதியிருக்கு."

ஒன்பதாவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள். சுவர் வழியே கேட்ட சத்தம் தொலைக்காட்சியுடையது அல்ல என்று எப்படித் தெரியும்?

மூன்று வருடமும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுதான். டிவியாக இருக்கும்.

மறுநாள் காலை பக்கத்து ஃபிளாட்டுக்குப் போனாள். இப்போது அங்கே கீழக்கரைப் பெண் ஷம்சியா குடியிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஜெயபாரதி தன் படுக்கையறையில் போய் நின்றாள். ஷம்சியா முதலில் டிவியைச் சத்தமாக வைத்தாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு டிவியை அணைத்துவிட்டுக் கத்தினாள்.

"அக்கா! சாயா போடவா?"

ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

ஜெயபாரதி திரும்பிப் போனபோது ஷம்சியா ஸ்டோர் ரூம் வாசலில் நின்றிருந்தாள். "வந்த நாள்லேருந்து எனக்கு ஒரு சந்தேகங்க்கா. அரிசி மூட்டை வைக்கிற ரூமுக்கு வெளியில ரெண்டு தாப்பாளு எதுக்கு? உள்ள வந்து பாருங்க."

ஜன்னல் இல்லாத அறை. தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், சுவரில் வரிசையாகப் பதினொரு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்பு, மெரூன், ஒரு பச்சை.

"நாங்க பொட்டு வைக்கிறதில்லியே" என்றாள் ஷம்சியா மெதுவாக.

ஜெயபாரதி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே அடைத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றா? பிறகு கேமரா எடுத்து வந்து, தாழ்ப்பாள்களையும் சுவரையும் படம் பிடித்தாள்.

ஒன்பதாவது கேள்விக்கு இப்படி எழுதினாள்: "சோதித்துப் பார்த்தேன். டிவி அல்ல. அப்போதே எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் போய்க் கதவைத் தட்டவில்லை."

சேதுமாதவன் வாசித்தார். "தட்டலைன்னு எழுதணுமா?"

"நடந்ததைத்தானே கேக்கறாங்க."

அவர் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். பிறகு கார் சாவியை எடுத்தார். "கிளம்பு. இங்க ஒரு வக்கீல் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்னு அதுல எழுதியிருக்கு. ஆபீஸை ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

ஐந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது.

"அக்கா, நாகஜோதி பேசறேன். என்னை இங்க ஏத்துக்கிட்டாங்க."

இத்தனை மாதமாக மனதில் சுற்றிக்கொண்டிருந்ததைத்தான் ஜெயபாரதி கேட்டாள். "எப்படி ஜோதி? அந்த ஊர்ல யாரைத் தெரியும் உனக்கு?"

"யாரையும் தெரியாது. அவர் டிரெயினிங் போயிருந்தார். ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ண ஒரு பொண்ணு வந்துச்சு, யாழ்ப்பாணம். பெட்ஷீட்டை மாத்திட்டே, 'அக்கா, உங்கட கையில என்ன காயம்?'னு கேட்டுது. மூணு வருஷத்துல அப்படிக் கேட்ட முதல் ஆளு. அழுதுட்டேன். அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணோட பஸ்ல இருந்தேன்."

"நான் கேக்கவே இல்லை ஜோதி."

"இல்லதான் அக்கா" என்றாள் நாகஜோதி. அதில் கோபம் இல்லை, மறுப்பும் இல்லை. "ஆனா அத எழுதிக் கொடுத்தீங்க. விசாரணைல வாசிச்சாங்க."

"இப்போ கேட்டா சொல்லுவியா?"

"எதை?"

"எல்லாத்தையும்."

ஜெயபாரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று நாகஜோதி ஒன்றரை மணி நேரம் பேசினாள்.