பொட்டலத்தில் சிரிக்கிறவள்

நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன், மிளகில் பப்பாளி விதையைக் கலந்தது நானா... நான்கு நாளாகச் சென்னம்மாளுக்கு இதே யோசனைதான், இப்போது தோட்டத்தில், அவளிடம் மிளகு வாங்கிப் பொட்டலம் போட்டு விற்கிற சுமித்ரா செல்போனை நீட்டி, "மொளகுக் கொடியப் புடிச்சுக்கிட்டு சிரிங்கக்கா" என்கிறபோதும் அதேதான். அன்றைக்குச் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சென்னம்மாளை உற்று உற்றுப் பார்த்தாள், பிறகு, "ஏனுங்க, மொளகுப் பொட்டலத்துல இருக்கறது நீங்கதானுங்க? மூஞ்சிய நம்பித்தானுங்க வாங்குனேன், பாதி பப்பாளி வெதைங்க" என்றாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, தெரியாம நடந்துருச்சுங்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, அதற்குப்பின் மலையின் ஒவ்வொரு வளைவிலும் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள். அது என் தோட்டத்து மிளகே இல்லை என்று சொல்லியிருக்கலாமே, யார் நம்புவார்கள், முகம் என்னுடையதாயிற்றே... போன மாசியில் நான் சுமித்ராவுக்குக் கொடுத்தது இரண்டு மூட்டை, வருடம் முழுக்கப் பொட்டலம் வந்துகொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது கேட்டேனா? சந்தையில் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி, "வழி விடுங்க, நடிகை வாராங்க" என்று கேலி பேசியபோது உள்ளுக்குள் இனித்ததே, அதனால்தான் கேட்கவில்லையோ...

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்தாப்பல குனிஞ்சுக்கறீங்க? எங்க தோட்டத்து மொளகு, நம்பி வாங்குங்கன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். உங்க மொகந்தாங்கக்கா என் பிராண்டு. அது இல்லீன்னா என்னைய ஆரு பாப்பாங்க?" கெட்ட பெண் இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தவள், கலப்படம் இவளுக்குத் தெரியுமா, தெரியாதா, எதுவாக இருந்தால் எனக்கு நிம்மதி, அந்த பஸ்ஸில் இவள் அல்லவா இருந்திருக்க வேண்டும்... சென்னம்மாள் சிரிக்கத்தான் பார்த்தாள், கன்னம் இழுத்தது, வேறு யாருடைய முகத்தையோ மாட்டிக்கொண்டதுபோல. கையைக் கொடியிலிருந்து எடுத்தாள். மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, முதுகைக் காட்டி ஏறினாள், இலைகளுக்குள் முகம் மறைந்ததும்தான் மூச்சு வந்தது.

"அக்கா... சரி, இன்னைக்கு முடியலீன்னா உடுங்க. பழைய படம் இருக்குது, அதையே போட்டுக்கறேன்."

பழைய படம். அதில் சிரிக்கிறவள் ஏணியில் ஏறி ஒளிய முடியாது, எத்தனை ஊர் அடுப்படியில், எத்தனை பேரிடம், வாய் திறக்காமல் என்னென்ன சத்தியம் செய்துகொண்டிருக்கிறாளோ...

"அதும் வேண்டாம் அம்மிணி," என்றாள் இலைகளுக்குள்ளிருந்து. கீழே சுமித்ராவுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா... இன்னொரு முறை சொன்னாள், இன்னும் மெதுவாக.