பங்கு கேட்டுப் போன தீவு

தபால் நிலையம் திறந்த வருடத்து வைகாசியில், கிரான்லி தீவு மோட்டுஃபாலாவை விட்டு எழுந்து போய்க் கிழக்கே தனியாக நின்றுகொண்டது. அதே வாரத்தில் கொப்பரை விலையும் இறங்கியதால் ஊரார் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். அதுவரை இரண்டும் ஒரே தீவுதான். தாழை மரம் நிறைந்திருந்ததால், தாழைத் தீவு என்ற பொருளில், மோட்டுஃபாலா என்பது நாங்கள் வைத்த பெயர். பாட்டன்மார் காலத்தில் இந்த வழியாகப் போன வெள்ளைக்காரக் கப்பல் தலைவன் ஒருவன், கரையில் கால்கூட வைக்காமல், தன் முதலாளி கிரான்லியின் பெயரை வரைபடத்தில் எழுதிக்கொண்டு போனான். அந்தப் பெயர் வெகுகாலம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு சமோவாவிலிருந்து இயோசெஃபா என்பவர் தபால் அதிகாரியாக வந்து, கிரான்லி என்று எழுதிய பலகையையும், கிரான்லி என்று குத்தும் முத்திரையையும், தாழை மரப்படம் போட்ட தபால்தலைகளையும் இறக்கினார். முத்திரை விழ விழ அந்தப் பெயருக்குப் பசிக்க ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் படகுகள் திரும்பியதும் மீனையெல்லாம் கரையில் ஒன்றாகக் கொட்டுவார்கள். பங்கு கூப்பிடுகிறவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் பங்குண்டு, கப்பல் உடைந்து ஒதுங்கியவனுக்கும் உண்டு. கடைசிப் பங்கை அதற்குரியவர் எடுக்கும்வரை வேறு யாரும் தன் மீனைத் தொடக்கூடாது. அப்போது பங்கு கூப்பிட்டவர் பகோவா. அவர் குரல் பவளப்பாறைக்கு அப்பாலும் கேட்கும். "கிரான்லிங்கிறதும் இந்த ஊர்ல குடியிருக்கிற பேருதானே, அதையும் கூப்பிடுங்களேன்" என்று முதல் நாளே இயோசெஃபா சொன்னார். "உங்க கிரான்லி எந்தக் கடல்ல வலை போட்டான்? வந்து துடுப்புப் போடச் சொல்லுங்க, வால் துண்டாவது தர்றேன்" என்றார் பகோவா. கரையே சிரித்தது. சில மாதம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது, பலகை, முத்திரை, தபால் குடிசை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிரான்லி புறப்பட்டுவிட்டது. இயோசெஃபா பாட்டுப் புத்தகத்தோடு வெளியே வந்தபோது, குடிசை இருந்த இடத்தில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

கப்பல்காரர்கள் வரைபடத்தை நம்புகிறவர்கள். அதன்பின் வந்த கப்பலெல்லாம் எங்களைத் தாண்டிப் போய், கிழக்கே கிரான்லி நின்ற வெறும் மணல் திட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பின. படகில் போனால் கிரான்லி அதே வேகத்தில் பின்வாங்கியது. படகோட்டிகள் கை கொப்பளித்துத் திரும்பினார்கள். அங்கே மரமில்லை, ஊற்றில்லை. மிஷனுக்காக இறக்கப்பட்ட ஒரு பன்றி தாகத்தில் கத்துவது காற்று திரும்பியபோதெல்லாம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கம் போயிற்று. கோழிகள்கூட அடையாமல் கரையோரம் கிழக்கும் மேற்குமாக நடந்தன.

எல்லோரையும்விட அதிகம் நடந்தவள் லோசா. அவள் கணவன் தனியெலு ஓஷன் தீவில் பாஸ்பேட் வெட்டப் போயிருந்தான். ஒப்பந்தம் முடிந்து மார்கழிக் கப்பலில் வருவதாக, தபால் நிலையம் இருந்த நாளிலேயே எழுதியிருந்தான். அவனையும் அந்த மணலில்தான் இறக்குவார்கள். லோசா பகோவாவிடம் போனாள். "ஒரே ஒரு தடவை அந்தப் பேரைக் கூப்பிடுண்ணே."

"ஊரே சிரிக்கச் சொன்ன வார்த்தை புள்ள. இப்போ மாத்தினா எம் மரியாதை என்னாவுறது?"

"உம் மரியாதையை மென்னு துப்பு. எம் புருசன் அந்தப் பன்றி மாதிரி கத்தணுமா?"

பகோவா தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்தார். லோசா தன் பங்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையில் வைத்துத் தானே கூப்பிட்டுப் பார்த்தாள். கிரான்லி லேசாக அசைந்தது, வரவில்லை. கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டால்தான் அது பங்கு.

மார்கழியில் சூரை மீன் குவிந்த ஒரு காலையில் கப்பல் புகை தெரிந்தது. பகோவா பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். கடைசிப் பெயர் லோசா. அவள் எழுந்திருக்கவில்லை. "எனக்கு வேணாம். கிரான்லியைக் கூப்பிடு, அப்புறம் எடுக்கிறேன்" என்று மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஊர் முழுதும் மீனைச் சுற்றி நின்றது, தொட முடியவில்லை. வெயில் ஏறியது, மீன் நாற ஆரம்பித்தது, பிள்ளைகள் அழுதன. கப்பல் எங்களைத் தாண்டிக் கிழக்கே திரும்பியது. "யோவ், கூப்பிட்டுத் தொலையேன்யா! அந்தப் பேர் உன் வாயைக் கடிச்சுடுமா?" என்று பகோவாவின் மனைவியே கத்தினாள். பகோவா கப்பலைப் பார்த்தார், லோசாவைப் பார்த்தார், இருப்பதிலேயே சின்ன சூரை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். மறுபடி குனிந்து, அதை மாற்றி நடுத்தர மீனாக வைத்தார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "கிரான்லி!" என்று கூப்பிட்டார்.

கிழக்கே நின்ற தீவு திரும்பியது. அது வந்த வேகத்தில் கப்பலின் அடியில் தண்ணீர் இழுபட்டு, நங்கூரம் போடப் போன மாலுமிகள் கப்பலோடு எங்கள் பவளப்பாறைக்கு உட்புறம் வந்திருந்தார்கள். கிரான்லி தெற்கு முனையில் இடித்து ஒட்டிக்கொண்டது. லோசா எழுந்து தன் மீனை எடுத்தாள். பெட்டியைத் தோளில் வைத்து இறங்கிய தனியெலு மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி ஊரே இப்படி நாறுது?" என்றான். "உனக்காகத்தான்" என்றாள் அவள்.

தபால் குடிசைக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, முத்திரை மை மட்டும் காய்ந்திருந்தது. இயோசெஃபா அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். வெகுகாலம் கழித்து அரசாங்கம் மாறி, கிரான்லி என்ற பலகையைக் கழற்றினார்கள். வரைபடத்திலும் இப்போது மோட்டுஃபாலாதான். ஆனால் பங்கு போடும்போது அந்தப் பெயரை இன்றும் கூப்பிடுகிறோம். தெற்கு முனையில் வைக்கும் மீன் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். கூப்பிடத் தாமதமானால் அந்த முனை மெல்லக் கிழக்கே நகரும். உடனே யாராவது, "இருப்பா, உனக்கும் எடுத்து வச்சிருக்கு" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அது நின்றுவிடும்.