குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு ஜீப்

1

இந்தக் கதை என் வாயில் வந்த ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டால் எனக்கும் பாரம் குறையும், உங்களுக்கும் குழப்பமில்லை.

ஊட்டியில் எங்கள் அலுவலகத்தில், திங்கட்கிழமை டீ நேரத்தில், செல்போனில் ஒரு யானைக்குட்டியைக் காட்டினேன். முந்தின நாள் தெப்பக்காட்டுக்கு அப்பால் சஃபாரி ஜீப்பில் இருந்தபடி எடுத்த படம். பிறந்து மூன்று மாதம்கூட இருக்காது. தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறுகிறது. எல்லோரும் "அச்சோ!" என்றார்கள். எதிர் மேஜை ஷண்முகப்ரியா மட்டும், "ஏனுங்க அக்கா, இதோட அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"ஜீப்புக்கு அந்தப் பக்கம்."

"ரெண்டுக்கும் நடுவுலயா வண்டிய நிறுத்துனீங்க? யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"டிரைவரே நிறுத்திட்டாரு."

இதுதான் அந்தப் பொய். நிறுத்தச் சொன்னது நான்.

பக்கத்து மேஜை நாச்சிமுத்து சார் கொதித்துவிட்டார். "அந்த ஜீப் ஓனர் நமக்குத் தெரிஞ்சவருதானுங்க. இன்னைக்கே போன் போட்டுச் சொல்றேன். இப்படிப்பட்ட ஆள் கையில வண்டி இருக்கலாமா?" நான் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

2

அன்றிரவே இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் ஒன்று: "மூங்கில்களின் மௌனத்தில் காலம் தன்னைத் தானே..." சீ! அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தி, ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்." பார்த்தீர்களா? கதையிலும் பழியைத் தூக்கி வேறொருத்தி தலையில் போடுகிறேன். பெங்களூர்க்காரி என்ன பாவம் செய்தாள்?

நடந்தது இவ்வளவுதான். டிரைவர் பெயர் ரவிச்சந்திரன். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. குட்டி ஏதாவது கண்ணில் பட்டால் நாமெல்லாம் குட்டியைப் பார்ப்போம். அவர் தாயைத் தேடுவார். அன்று குட்டி இடப்பக்கம் நின்றது. "ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணா" என்றேன். ஜீப் நின்றது. நான் படபடவென்று எடுத்துத் தள்ளினேன். வலப்பக்கம் மூங்கில் முறிந்தது. தாய் சாலைக்கு வந்து காதை விரித்து நின்றது. ரவிச்சந்திரன் வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். தாய் வந்து குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

3

முடிவு அ: தாய் யானை ஜீப்பைக் கவிழ்க்கிறது. (இல்லை. உயிரோடுதானே எழுதிக்கொண்டிருக்கிறேன்!)

முடிவு ஆ: நாச்சிமுத்து போன் செய்கிறார், ரவிச்சந்திரனுக்கு வேலை போகிறது, அவர் மனைவி சுமலதா அடுப்படியில்...

இந்த இடத்தில், ரவிச்சந்திரனுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்ததையும் சேர்த்தால் வாசகர் கண்கலங்குவார் என்று கணக்குப் போட்டு, அரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்ததும் எனக்கே அருவருப்பாகிவிட்டது. என் பொய்யால் ஒரு மனுஷனுக்கு வேலை போகப்போகிறது; நான் அதில் அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அதற்குள் புதன்கிழமை ஆகியிருந்தது.

4

"அண்ணா, நிறுத்தச் சொன்னது நான். ஆபீஸ்ல பழிய உங்க மேல போட்டுட்டேன். இப்பவே உங்க ஓனர்கிட்டப் பேசி..."

அவர் சிரித்தார். "அட, விடுங்க மேடம். அன்னைக்கே நான் போய்ச் சொல்லிட்டேன். உங்க சாரும் போன் பண்ணினாராம். 'அவனே வந்து சொல்லிட்டானுங்க'ன்னு ஓனர் போன வச்சிட்டாராம். ஒரு வாரம் வண்டியத் தொடக்கூடாதுன்னாரு, அவ்வளவுதான். வேலையெல்லாம் எங்கயும் போகல."

அப்பாடா! அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஓனர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"நானேதான் நிறுத்தினேன்னு. நெசந்தானே? நீங்க வாயத் தொறக்குறதுக்குள்ள கால் பிரேக்குக்குப் போயிருச்சு. குட்டியப் பார்க்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அப்படியானால் நான் சொன்னது பொய்யே இல்லையா?

5

முடிவு இ: எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளில் முதல்முறையாக அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். மற்றது உங்கள் பாடு. போனை வைக்கும் முன் அவர் கேட்டதையும் எழுதிவிடுகிறேன், முடிவெடுக்க உதவும்.

"அந்தப் போட்டோவ எனக்கு அனுப்புங்க மேடம். நான் தாயத்தானே பார்த்துட்டு இருந்தேன். குட்டிய எங்க பார்த்தேன்?"